மஞ்சளும் சாயவேரும்

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தித் தட்டைக் கண்ட குழந்தைகள் யாவரும் அறிவர். ஆயினும், அதையே சித்திர வகுப்பில் செய்து காட்டினால் வியந்து போகின்றனர். வீட்டில் கண்டது பள்ளியிலே பாடமாகும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை போலும்.

எங்கள் தோட்டப் பள்ளியில், மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்திய தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கித் தெளிந்த சுண்ணாம்பு நீரில் தொட்டு ஒற்றச் சொல்கிறோம். நீருக்கோ நிறமில்லை, தாளில் விழுவதோ செந்நிறப் பூ! அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு துளி பட்டால் சிவப்பு நீங்கி மஞ்சள் மீளும். (சுண்ணாம்பு நீரை ஆசிரியரே தெளியவைத்துத் தருதல் வேண்டும், கட்டிச் சுண்ணாம்பைச் சிறுவர் கையில் கொடுத்தலாகாது.)

இதனை வெறும் விளையாட்டென எண்ணிவிட வேண்டா. நிறமற்ற நீரால் எழுதிப் பின்னர் நிறத்தை வரவழைக்கும் முறையின் மீதே சோழமண்டலக் கரையின் சாயத்தொழில் நின்றது. இரண்டிலும் நிகழும் இரசாயன மாற்றம் வேறுதான். ஆனால் நிறம் என்பது மேலே பூசுவதன்று, இரு பொருள்கள் கூடிப் பிறப்பது என்னும் அறிவு ஒன்றே.

அத்தொழிலின் உயிர்நாடி சாயவேர். கடலோர மணற்பாங்கில் வளரும் சிறு செடியின் வேர் அது. துணியை முதலில் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பர். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் துணியிலே பரவாமல் தடுக்கும். கறுப்புக் கோடுகளுக்கு இரும்பு ஊறிய புளித்த நீர். சிவக்க வேண்டிய இடங்களுக்குப் படிகார நீர். பின்பு சாயவேர் நீரில் துணியைக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்திலே சிவப்பு நிலைத்து நிற்கும். படாத இடத்தில் ஏறிய சாயம் வெளுப்பில் போய்விடும். நீலம் வேண்டுமிடத்தை விட்டு மற்றவற்றை மெழுகால் மூடி, அவுரிச் சாயத்தில் முக்குவர். பாத்தேக் செய்வதைக் கண்ட நம் நாட்டார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இத்துணிகளும் நமக்குப் புதியவை அல்ல. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிக்கும் முன்பே, நறுமணப் பொருள்களுக்கு மாற்றாக அவை அங்கே வந்து இறங்கின. ஐரோப்பாவிலோ உள்நாட்டு நெசவாளர் கூக்குரலிடும் அளவுக்கு அவற்றின்மேல் மோகம் மிகுந்தது. பிரான்சு 1686இல் தடை விதித்தது. அத்தடை நீங்கியது 1759இல். தடை நின்ற காலத்திலேயே, 1742இல், கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இத்தொழில் வல்லாரிடம் கேட்டறிந்து, முறை முழுவதையும் கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைக் குறித்த அறிஞர் அவர். அத்தகையவரே தொழிலாளரிடம் மாணவராகிக் கற்க வேண்டியிருந்தது!

1868இல் செர்மானியர் இருவர் அலிசரின் சாயத்தைச் செயற்கையாக ஆக்கினர். சாயவேரில் இருப்பதும் அதுவே. 1897இல் செயற்கை அவுரியும் கடைக்கு வந்தது. வேர் தோண்டியவர்களின் பிழைப்பு போயிற்று. பிழைப்போடு அறிவும் போனதேன் என்பதே என் கேள்வி. தந்தை மகனுக்குக் கைவழியே தந்த அறிவைப் பள்ளிக்கூடம் கல்வியென ஏற்கவில்லை என்பேன். வண்ணம் பெட்டியிலிருந்து வருவது என்றே ஆசிரியப் பயிற்சியில் நானும் கற்றேன்.

பணியேற்ற புதிதில் ஒரு சிறுமியின் கட்டுரை நோட்டில் செந்நிறக் கறை கண்டேன். வீட்டில் விசேடம், ஆரத்தி சிந்திவிட்டது என்றாள். அவள் சொன்னதை முழுதும் கேளாமலே பக்கத்தைக் கிழித்து, மறுபடி எழுதி வரச் சொன்னேன். மஞ்சள் ஏன் சிவந்தது என்று அன்று கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நான்காம் வகுப்பார் கறுப்பு மை செய்கின்றனர். துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் ஒரு வாரம் ஊறவைத்தோம். கடுக்காய்க்குப் பதிலாகப் பால் சேராத கடுந்தேநீர். இரண்டிலும் துவர்ப்பு உண்டே! தேநீரில் தோய்த்து உலர்த்திய துணியின்மேல், வாழைமட்டையை நறுக்கி அந்த ஆணி நீரில் தொட்டு ஒற்றினால் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாகக் கறுப்பு விழுகிறது. சென்ற வாரம் ஒரு பையன் பாட்டியின் பழைய வேட்டித் துணியோடு வந்து நின்றான். அதில் முதல் அச்சு சற்றுக் கோணலாய் விழுந்துவிட்டது. வெட்டியெடுக்க வேண்டாம் என்கிறான்.