சம்பா கோதுமையும் இரத்தச் சர்க்கரையும்
வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் பழைய உணவு அரிசியும் கேழ்வரகும்தான். கோதுமை அங்கே அபூர்வமாக இருந்தது. தமிழகம் நெடுநாளாக அறிந்த சம்பா கோதுமை நீலகிரி போன்ற குளிர்ந்த பகுதிகளில் விளைந்தது. அதன் உமி மணியோடு இறுக ஒட்டியிருக்கும். இடித்துத்தான் நீக்க வேண்டும்.

1954இல் அமெரிக்கா பி.எல். 480 சட்டம் இயற்றியபின் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியா வந்தது. பின்னாளில் ஆம்பூர் போன்ற தோல் பதனிடும் ஊர்களின் கடைகளிலும் மைதா பரோட்டா வேரூன்றியது. மைதாவில் தவிடும் முளையும் இல்லை. அதன் மாவுச்சத்து விரைவில் குளுக்கோஸாகிறது.

இந்த வேகத்தை அளக்கும் கிளைசிமிக் குறியீட்டை 1981இல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டனர். இக்குறியீட்டின்படி மைதாவில் செய்யும் வெள்ளை ரொட்டி சுமார் 75. முழுக்கோதுமைச் சப்பாத்தி 50ஐ ஒட்டி நிற்கிறது.

சம்பா கோதுமை பழைய ரகம் என்பது மட்டும் போதாது, பக்குவமே முக்கியம். சம்பா கோதுமையைக் கொரகொரப்பாக உடைத்துச் செய்யும் உப்புமா மெதுவாகச் செரிக்கும். நைசாக அரைத்த மாவில் அந்த நன்மை குறையும். அதே மணியை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து அல்வா கிளறினால், நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையோடு போய்விடும். அல்வாவில் பெரும்பாலும் இருப்பது மாவுச்சத்தும் சர்க்கரையும் நெய்யும். நீரிழிவு உள்ளவர்கள் சம்பா ரவையையும் அளவோடுதான் உண்ண வேண்டும்.