தாமிரபரணிக் கரை வீடுகளில் மண்ணடுப்பு: அமைப்பும் அகற்றமும்

முன்னுரை

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் இடிபடும் பகுதிகளுள் ஒன்று அடுக்களை அடுப்பு. தூணும் கதவும் விலைபோகும். தரையோடு கட்டிய மண்ணடுப்புக்கு விலை இல்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி முதலிய தாமிரபரணிக் கரை ஊர்களின் பழைய வீடுகளை முன்வைத்து, அவ்வடுப்பு வீட்டின் உறுப்பாக இயங்கிய முறையையும், அதனை அகற்றுவதால் மறையும் சான்றுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அடுப்பும் வீட்டமைப்பும்

அடுதல் என்னும் வினையின் அடியாகப் பிறந்தவை அட்டில், அடிசில், அடுப்பு ஆகிய சொற்கள். பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறநானூற்றுப் பாடல் (164), சமையலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டி வறுமையை உணர்த்துகிறது. அவ்வடுப்பு பக்கங்கள் உயர்ந்தது என்பதையும் அப்பாடலால் அறிகிறோம்.

பிற்கால வீடுகளில் களிமண்ணும் செங்கல்லும் கொண்டு அடுப்பு கட்டப்பட்டது. பாத்திரம் தாங்க மூன்று குமிழ்கள் அமைந்தன. முதன்மை அடுப்பின் அனல் உள்வழியாகச் சென்று சேரும் பக்க அடுப்பு கொடியடுப்பு எனப்பட்டது. ஒரே விறகில் உலையும் கொதிக்கும், குழம்பும் சூடு ஆறாமல் இருக்கும்.

அக்கிரகார வீடுகள் பக்கச் சுவர்கள் ஒட்டியவாறு வரிசையாக அமைந்தவை. பக்கவாட்டில் சாளரம் வைக்க இடமில்லை. ஆகவே புகை கூரையிலுள்ள புகைக்கூண்டு வழியாகவோ முற்றத்தின் வழியாகவோ வெளியேற வேண்டியிருந்தது. வெளியேறுமுன் அது பரணில் அடுக்கிய விறகை உலர்த்தியது. மேலே கட்டித் தொங்கவிட்ட விதைகளையும் கூரை மரங்களையும் பூச்சி அண்டாமல் காத்தது. ஆக, அடுப்பு, பரண், கூண்டு, கூரை ஆகிய நான்கும் ஒரே அமைப்பின் உறுப்புகள்.

மாற்றத்தின் படிநிலைகள்

முதல் முயற்சி அடுப்பை அகற்றுவதன்று, திருத்துவதாகும். வார்தாவின் மகன்வாடியில் 1940களில் ‘மகன் சூலா’ என்னும் புகைபோக்கி அடுப்பு உருவாயிற்று. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பை வடிவமைத்து, 1953இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். நடுவணரசு 1983இல் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. இவை அடுப்பை வீட்டின் உறுப்பாகவே கருதின.

மண்ணெண்ணெய் அடுப்பும் எரிவாயு அடுப்பும் அவ்வாறல்ல. அவை எங்கும் எடுத்து வைக்கத்தக்க பொருள்கள். தமிழ்நாட்டில் 2006க்குப் பின் செயற்பட்ட இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டமும் இம்மாற்றத்தை எளிய வீடுகளுக்கும் கொண்டு சென்றன. தரையில் அமர்ந்து சமைத்தவர் மேடைமுன் நின்று சமைக்கலானார். விறகில்லாததால் பரண் பயனற்றது. புகையில்லாததால் கூண்டு அடைபட்டது.

பேறும் இழப்பும்

இம்மாற்றத்தை வெறும் இழப்பாகக் கருதுவது பிழை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் கிராமப்புற வீடுகளில் அளவெடுத்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, விறகடுப்பில் சமைப்போர் எரிவாயுவில் சமைப்போரினும் மிகுதியான நுண்துகள்களைச் சுவாசிப்பதை நிறுவியது. கூரையைக் காத்த புகையே பெண்களின் நுரையீரலை வருத்தியது. மரபுப் பேணல் என்னும் பெயரால் அப்புகையை மீண்டும் வேண்டுதல் அறமன்று.

எனினும் அடுப்பு ஓர் ஆவணமும் ஆகும். உடன்பிறந்தார் பாகம் பிரிந்ததைத் ‘தனி உலை வைத்தல்’ என்பது வழக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே சமையலறையில் உண்போரையே ஒரு குடும்பமாகக் கொள்கிறது. ஒரே கூரையின்கீழ் பிற்காலத்தில் கட்டிய இரண்டாம் அடுப்பு, பத்திரத்தில் பதியப்படாத பாகப்பிரிவினைக்குச் சான்றாகலாம். புகைக்கறையின் பரப்பு, குமிழ்களின் இடைவெளி, கொடியடுப்புகளின் எண்ணிக்கை ஆகியன உண்டோர் தொகையையும் சமைத்தோர் உழைப்பையும் உய்த்துணர உதவும். கல்வெட்டிலும் பத்திரத்திலும் இடம்பெறாத பெண்களின் உழைப்புக்கு எஞ்சிய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

முடிவுரை

நெல்லைப் பகுதியில் தைப்பொங்கலன்று வாசலில் பொங்கல் கட்டிகளைக் கூட்டி உலையேற்றும் வழக்கம் தொடர்கிறது. மூன்று குமிழ் அடுப்பின் வடிவம் சடங்கில் நிலைத்திருக்க, அடுக்களை அடுப்பு பதிவின்றி மறைகிறது. வேண்டுவது அடுப்பைக் காப்பதன்று. இடிக்குமுன் அளந்து, வரைந்து, படமெடுத்து, சமைத்த பெண்கள் வழங்கிய சொற்களைத் தொகுப்பதாகும். வட்டார வழக்காற்றாய்வும் கட்டடவியலும் இணைந்து செய்யத்தக்க இப்பணியை, அச்சொற்களை அறிந்தோர் நம்மிடையே உள்ளபோதே தொடங்குதல் வேண்டும்.