இறக்கமும் ஏற்றமும்: ஓர் அறுவைச் சிகிச்சையின் வரலாறு

ஆத்தங்குடியில் என் பெரியம்மா பத்தாண்டுகளுக்கும் மேலாக உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். படுத்தால் நெஞ்சில் எரிச்சல் ஏறும். இரண்டு இட்டிலிக்கு மேல் உண்டால் மூச்சு முட்டும். வாயுத்தொல்லை என்று ஓமத்திரவம் குடித்தார். இதயநோயோ என்று அஞ்சி இ.சி.ஜி. எடுத்தோம், இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று மதுரையில் எடுத்த ஸ்கேன் படம் பின்னர் சொன்னது. வயிற்றில் இருக்க வேண்டிய இரைப்பையின் பெரும்பகுதி இதயத்துக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறிக் கிடந்தது.

ஹெர்னியா என்றால் தமிழில் குடலிறக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே இறங்குவது எதுவுமில்லை, ஏறுகிறது. எனவே இதனை இரைப்பை ஏற்றம் என்கிறார்கள். விளக்கம் கேட்ட பெரியம்மா மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏன் அப்பு, ஏறுனது தானா எறங்காதா?” அந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டாகத் தேடிவரும் விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை உதரவிதானம். உணவுக்குழாய் வயிற்றுக்குள் இறங்க அதில் இயற்கையாகவே ஒரு வாயில் உண்டு. வயதாக ஆக அந்த வாயில் தளர்ந்து அகலும். வயிற்றுக்குள் அழுத்தம் மிகுதி, நெஞ்சுக்குள் குறைவு. ஒவ்வொரு மூச்சும் இரைப்பையைச் சற்றே மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருபதாயிரம் முறை. பல்லாண்டுக் காலத்தில் இரைப்பை முழுவதுமே மேலேறித் தலைகீழாகப் புரண்டுவிடுவதும் உண்டு. அது முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பிணவறையில் மட்டுமே அறியப்பட்டுவந்த இந்நோயை உயிருள்ளவரிடத்தில் காண எக்ஸ்-கதிர் வரவேண்டியிருந்தது. சுவீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் ஓகெர்லுண்ட் 1926இல் இதனை வகைப்படுத்தினார். உணவுக்குழாயின் அடியைச் சுற்றி இரைப்பையின் மேற்பகுதியையே சால்வைபோல் போர்த்தித் தைக்கும் முறையை ருடால்ஃப் நிஸ்ஸன் 1956இல் வெளியிட்டார். அவர் யூதர், இட்லரின் ஆட்சி வந்ததும் 1933இல் ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல் சென்றவர். 1948இல் ஐன்ஸ்டைனின் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை செய்தவரும் அவரே.

1967இல் ஸ்கின்னரும் பெல்சியும் எழுதிய கட்டுரை ஒன்று அறுவை மருத்துவர்களை உலுக்கியது. தொந்தரவு அதிகமில்லை என்று அறுவையின்றி விடப்பட்ட 21 நோயாளிகளுள் ஆறு பேர் இந்நோயின் சிக்கல்களால் இறந்திருந்தனர். பெரிய ஏற்றம் என்றால் அறுத்தே தீரவேண்டும் என்பது அதன்பின் எழுதாத சட்டமாயிற்று. ஆனால், அறுவை என்றால் மேல்வயிற்றை நெடுக்காகப் பிளப்பது அல்லது விலாவெலும்புகளுக்கு இடையே நெஞ்சைத் திறப்பது. நோயாளிகளோ பெரும்பாலும் முதியவர்கள். காயத்தின் வலியால் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் முடியாமல் நுரையீரலில் சளி கட்டும். நோயைக் காட்டிலும் மருந்து கொடிதாகும் நிலை அது.

இந்நிலையை மாற்றிய கருவிக்கு இந்தியக் கை ஒன்றும் உதவியது என்பதைப் பலர் அறியார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் இலண்டனில் அவருடைய ஆசிரியர் ஹெரால்டு ஹாப்கின்சும், கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டி 1954இல் கட்டுரை வெளியிட்டனர். இழைகளின் வழியே சூடில்லாத வெளிச்சம் உடலுக்குள் செல்ல வழி பிறந்தது. ஹாப்கின்சு பின்னர் வகுத்த தண்டு வில்லைகள் தெளிவான காட்சியைத் தந்தன. ஜெர்மனியின் எரிக் மூஹே 1985இல் இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். நாட்டின் அறுவை மருத்துவர் சங்கம் முதலில் அவரை ஏற்கவில்லை. 1992இல் அதே சங்கம் விருதளித்தது.

இந்தியாவில் இதன் தொடக்கம் பணக்காரர்களுக்கான மருத்துவமனையில் நிகழவில்லை. மும்பை ஜே.ஜே. அரசு மருத்துவமனையில் தெஹெம்டன் உத்வாடியா 1972 முதலே நோயறிய வயிற்றுநோக்கியைப் பயன்படுத்திவந்தார். 1990 மே மாதத்தில் அங்கேயே நாட்டின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். அன்றாடக் கூலிக்காரன் விரைவாக வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆகவே சிறு துளை அவனுக்கே முதலில் தேவை என்பது அவர் வாதம். மறு ஆண்டு கோயம்புத்தூரில் சி. பழனிவேலு இதனைத் தொடங்கினார். மலேசியத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் இளமையைக் கழித்தவர் அவர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுக்குள் நுண்துளை வழியே உணவுக்குழாயைப் பிரித்தெடுக்கும் அவரது முறை, 130 நோயாளிகளின் அனுபவத்தோடு 2006இல் வெளியாகி உலக அறுவை மருத்துவர்களின் கவனத்தைப் பெற்றது.

நிஸ்ஸனின் போர்வைத் தையலை நுண்துளை வழியே செய்து 1991இல் வெளியிட்டவர் பெல்ஜியத்தின் லியேஜ் நகர் பெர்னார் டால்மாஞ். பெரிய ஏற்றங்களுக்கும் அவ்வழி ஏற்றதே என்று 1992இல் காட்டியவர் ஸ்காட்லாந்தின் டண்டியில் பணியாற்றிய ஆல்பிரட் கூஷியேரி. ஐந்து சிறு துளைகள். வயிறு கரியமில வாயுவால் உப்பவைக்கப்படும். இரைப்பையையும் அதனோடு நெஞ்சுக்குள் போன பையுறையையும் கீழே இழுப்பார்கள். உணவுக்குழாயின் சில சென்டிமீட்டராவது இழுவிசையின்றி வயிற்றுக்குள் தங்குமாறு அதனைச் சுற்றிலும் விடுவிப்பார்கள். பிறகு அகன்ற வாயிலைத் தைத்துக் குறுக்கிப் போர்வையிடுவார்கள். கருவியின் பிடி இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகும். இதைக் கேட்டபோது ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலைசெய்த என் தந்தை நினைவுக்கு வந்தார். கண்ணாடியின்மேல் முதலில் வண்ணத்தை ஊற்றி, பிறகு சிமெண்டும் மணலும் இட்டு, பூவைக் குப்புற வைத்தே செய்வார். நேர்முகம் எப்படி இருக்கிறது என்பது கண்ணாடியை எடுத்த பிறகே தெரியும்.

இங்கும் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் நலமாக இருப்பதாகச் சொன்னதோடு நில்லாமல், பேரியம் குடிக்கவைத்துப் படமெடுத்தார்கள். 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நுண்துளை முறையில் சீரமைத்தவர்களுள் 42 விழுக்காட்டினருக்கு ஏற்றம் திரும்பியிருந்தது. திறந்த அறுவையில் 15 விழுக்காடு. தசையைத் தைப்பது போதாது, வலையிட்டு வலுப்படுத்தலாம் என்றார்கள். செயற்கை வலை சிலருக்கு உணவுக்குழாயை அரித்தது. உயிர்த்திசுவாலான வலையை வைத்து அமெரிக்காவில் 108 பேரிடம் நடத்திய சோதனையில், ஆறு மாதத்தில் ஏற்றம் திரும்பியவர்கள் வலையுடன் 9, வலையின்றி 24 விழுக்காடு. 2006இல் அது பெரும் வெற்றியாகத் தோன்றியது. அதே நோயாளிகளை ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது 54, 59 என்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்த முடிவை 2011இல் வெளியிட்டவர்களும் அதே ஆய்வாளர்களே. என் பார்வையில் இவ்வரலாற்றின் உயர்ந்த தருணம் இதுதான். தம் வெற்றியைத் தாமே மறுபடி அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் துணிவு எல்லாத் துறைகளுக்கும் வாய்ப்பதில்லை; இலக்கிய விமர்சனத்துக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது.

1967இன் சட்டமும் தளர்ந்தது. தொந்தரவில்லாதவர்களுக்கு அவசர அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டை ஒட்டியதே என்று 2002இல் ஒரு கணிப்பு காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காத்திருந்து கவனிப்பதே நலம் என்றாயிற்று.

பெரியம்மா காத்திருக்கக் கூடியவராக இல்லை. எழுபது வயதைக் கடந்த அவருக்கு அறுவை நடந்தது. மறுநாள் எழுந்து நடந்தார். திரும்பவும் ஏறலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இரண்டாண்டு கழித்து எடுத்த படத்தில் இரைப்பையின் சிறு பகுதி மேலேறியிருந்தது. கணக்கில் அவர் அந்த ஐம்பத்துச் சொச்சம் விழுக்காட்டினருள் ஒருவர். ஆனால் அந்த 2011 ஆய்விலேயே, ஏற்றம் திரும்பியவர்களுள் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோரின் தொந்தரவு குறைந்தே இருந்தது. படம் சொல்வதும் உடம்பு சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

படத்தைப் பார்த்துக் கலங்கியவன் நான்தான். பெரியம்மா கலங்கவில்லை. “கொஞ்சந்தானே அப்பு ஏறியிருக்கு? நாந்தான் இப்பப் படுத்துத் தூங்குறேன்ல” என்றார்.