மூளையின் நிழலும் குருதியின் சான்றும்

மூளை எலும்புக் கோட்டைக்குள் இருப்பது. அங்கே தோன்றும் நோயைத் தொட்டு அறிய இயலாது. ஒருவருக்குத் திடீரென வலிப்பு வந்தால், அதற்குக் காரணம் கழலையா, அழற்சியா என்பதை உறுதியாக அறிய, முன்னாளில் மண்டையோட்டைத் திறத்தலன்றி வேறு வழி அரிது. கழலையாயின் பெரும்பாலும் கத்தி வேண்டும். அழற்சியாயின் பெரும்பாலும் மருந்தே போதும். இவ்விரண்டையும் பிரித்தறிய வேலூரில் நடந்த முயற்சியை மாணவ நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1949-ஆம் ஆண்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1971-இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்பார் ஆக்கிய சி.டி. கருவி, முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. அக்கருவி நம் நாட்டிற்கும் வந்தபின், வலிப்பு நோயாளர் பலரது மூளையில் வளையம் போன்ற சிறு நிழல் ஒன்று தெரிந்தது. அதனைக் கழலையென ஐயுற்றனர் சிலர்; காசநோய்க் கட்டியெனக் கொண்டனர் பலர். ஆயினும் காசநோய் மருந்தின்றியே மறைந்த நிழல்களும் உண்டு. அஃது எவ்வாறு?

வேலூர் மருத்துவர்கள் அந்நிழல்களில் சிலவற்றை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அங்கே கண்டது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம்! அது உயிரோடிருக்கும் வரை உடல் அதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை, அது மடியும்போது அழற்சி மூள்கிறது, வலிப்பு வருகிறது. இவ்வுண்மையை 1989-இல் அவர்கள் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் சாங் என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரு குருதிச் சோதனையை அறிவித்தனர். புழுவிலிருந்து பிரித்தெடுத்த புரதங்களை ஒரு தாளில் பதித்து, நோயாளியின் குருதிநீரில் அதனை நனைப்பர். புழுவை எதிர்க்க உடல் ஆக்கிய எதிர்ப்பொருள் அந்நீரில் இருந்தால், தாளில் கோடுகள் தோன்றும்.

இதனால் சிக்கல் தீர்ந்ததா? முற்றும் தீரவில்லை. 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டோ அதற்கு மேலோ புழுக்கட்டி உடையாருள் 100-க்கு 94 பேரிடம் கோடுகள் தோன்றின. ஒரே கட்டி உடையாருள் 28 பேரிடமே தோன்றின. நம் நாட்டில் மிகுதியாகக் காண்பதோ ஒற்றைக் கட்டியே. மேலும், நோய்க்குறி ஏதுமில்லாத சிலரிடத்தும் அக்கோடுகள் தோன்றுவதுண்டு.

ஆகவே வேலூர் மருத்துவர்கள் நோயாளியின் நிலையையும் படத்தையும் இணைத்துச் சில விதிகள் வகுத்தனர். நிழல் 20 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மண்டைக்குள் அழுத்தம் மிகலாகாது. கைகால் தளர்ச்சி நாளுக்கு நாள் வளரலாகாது. இவை மீறப்பட்டால், கழலையோ காசநோயோ என ஐயுற வேண்டும். விதிகள் பொருந்தினால், மண்டையைத் திறவாமல், வலிப்பு மருந்து கொடுத்துக் காத்திருந்து, மீண்டும் படம் எடுத்துப் பார்க்கலாம்.

குருதி கூறுவது சான்று, தீர்ப்பு அன்று. அது வாய் திறவாதிருப்பின், 'நோய் இல்லை' என்பதும் பொருள் அன்று. எந்தச் சோதனையும் எதைச் சொல்லும் என்பதோடு, எதைச் சொல்லாது என்பதையும் அறிந்தவரே நோயாளியைக் காக்க வல்லவர் என்பேன்.