முதல் ஆளாக வந்த அலெக்சாண்டர் டேக்

வட அமெரிக்காவின் என்.எச்.எல் ஐஸ் ஹாக்கி லீக்ல, 1993-ல புது வீரர்கள் தேர்வில் முதல் ஆளா எடுக்கப்பட்டவர் அலெக்சாண்டர் டேக். வயசு 18. ஒட்டாவா செனட்டர்ஸ் அணி அவருக்கு 5 வருஷத்துக்குக் கொடுத்தது 1.2 கோடி டாலருக்கும் மேல.

முந்தைய சீசன்ல 84 ஆட்டத்தில் 10 வெற்றி மட்டுமே கண்ட அணி அது. முதல் சீசன்ல டேக் 51 புள்ளிகள் எடுத்தார். புதுப் பையனுக்கு அது மோசமில்லை. ஆனா அணி வெற்றி 14-ஐத் தாண்டலை. 1998-ல அவரை வேறு அணிக்கு அனுப்பிட்டாங்க.

அவர் சோடை போனார்னு சொல்றாங்க. என்னைப் பொறுத்தவரை, வளர வேண்டிய பையன் மேல ஒரு அணியோட மொத்த பாரத்தையும் ஏத்தினதுதான் தப்பு. 1995-ல லீக்கே புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்டுடுச்சு. எதிர்பார்ப்புக்கு யார் போடுறது உச்சவரம்பு?