மலையிலிருந்து மெரினாவுக்கு: கட்டடங்களும் அவற்றின் வாசல்களும்

உதகையிலோ குன்னூரிலோ ஒரு கல்லூரி சென்னைக்குச் சுற்றுலா போவதென்று முடிவெடுத்தால் பட்டியல் சீக்கிரமே தயாராகிவிடும். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலை சென்ட்ரலில் இறங்க வேண்டும், பிறகு மெரினா. கட்டடக்கலையில் ஆர்வமுள்ள ஆசிரியை உடன் வந்தால் செனட் ஹவுஸ், சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி ஆகியவையும் சேரும். யார் கட்டினார், எந்த ஆண்டு, என்ன பாணி என்பதை வழிகாட்டி நூல்களே சொல்லிவிடும். ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் நாம் கூடுதலாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வாசல் எந்தப் பெண்ணுக்கு, எப்போது, என்ன நிபந்தனையோடு திறந்தது?

நீலகிரிப் பெண்களுக்கு இந்தக் கட்டடங்கள் முழுக்க அந்நியமானவை அல்ல. 1870இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரியையும் 1879இல் முடிந்த செனட் ஹவுஸையும் வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் உதகையின் நீலகிரி நூலகத்தையும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியையும் வடிவமைத்தார். இது தற்செயல் அல்ல. சென்னை மாகாண அரசு பல பத்தாண்டுகள் கோடைதோறும் கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் உதகைக்கு ஏறியது. கடற்கரையும் மலையும் ஒரே ஆட்சியின் இரண்டு இருக்கைகள். அந்த இடப்பெயர்ச்சிக்கு ஆண்டுதோறும் திட்டம் இருந்தது, செலவுக்குப் பணமும் இருந்தது. அதே பாதையில் ஒரு பெண் தன் படிப்புக்காகவும் எழுத்துக்காகவும் பயணிக்க முடிந்ததா என்பதுதான் நம் வரலாறு.

ஒருவரால் முடிந்தது. சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தாலே சென்னை மருத்துவக் கல்லூரி. 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களை இது சேர்த்துக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து அகமத்நகரிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இங்கே சேர்ந்தாள். அவள்தான் பின்னாளில் 'சகுணா', 'கமலா' ஆகிய ஆங்கில நாவல்களை எழுதிய கிருபாபாய் சத்தியநாதன். இங்கிலாந்து சென்று மருத்துவம் படிக்க அவர் விரும்பினார். உடல்நிலையைக் காரணம் காட்டிச் சென்னைக்கு அனுப்பினார்கள். முதலாண்டு நன்றாகவே படித்தார். பிறகு உடல் ஒத்துழைக்காமல் படிப்பு நின்றுபோனது.

திருமணத்துக்குப் பின் அவர் வந்து சேர்ந்த இடம் உதகை. கணவர் சாமுவேல் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியர். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899இல்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மலையேறி வந்த கிருபாபாய், முஸ்லிம் சிறுமிகளுக்காக உதகையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தன் பெயரை வெளியிடாமல், 'ஓர் இந்தியப் பெண்மணி' என்ற கையொப்பத்தோடு எழுதவும் தொடங்கினார். 1894இல், முப்பத்திரண்டு வயதில் சென்னையில் இறந்தார். சிஷோமின் பெயர் இரு ஊர்க் கட்டடங்களோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இரு ஊர்களிலும் வாழ்ந்து எழுதிய கிருபாபாயை உதகையில் படிக்கும் எத்தனை பெண்களுக்குத் தெரியும்?

சேப்பாக்கத்துக்கு வருவோம். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படுவதைப் பழையவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், மருத்துவராகி லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பிய ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் உருவானது இது. சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான மருத்துவமனை என்பதே அதன் பழைய பெயர். அதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பெண்களுக்கென்று திறந்த வாசலும் சாதி பார்த்துத்தான் திறந்தது; பெயர்ப்பலகையே அதைச் சொன்னது.

கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்தால் வளைந்த முகப்போடு ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897இல் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். அதன் நினைவாக 1963 முதல் விவேகானந்தர் இல்லம். இடைப்பட்ட காலத்தில், குழந்தை விதவையாகி, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, பிராமண இளம் விதவைகளுக்கான விடுதியை இங்கே பல ஆண்டுகள் நடத்தினார். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்டிருக்க வேண்டிய பெண்கள், கடலைப் பார்த்தபடி பாடம் படித்து ஆசிரியைகள் ஆனார்கள். ஒன்பது நாள் தங்கியவரின் பெயர் நிலைத்தது. இந்த வாசலும் ஒரு சாதிக்கு மட்டுமே திறந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

இன்னும் தெற்கே, 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி. 2003இல் இதை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்துப் போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. சுற்றுலாப் பட்டியலில் இந்தக் கல்லூரி அநேகமாக இருக்காது. ஆனால் இந்தச் சாலையில் தங்கள் கட்டடத்தைப் பெண்களே நின்று காப்பாற்றிய இடம் இது.

சாலையின் கடற்பக்கம் சிலைகள். ஔவையாரும் கண்ணகியும் 1968இல் வந்தார்கள். கண்ணகியை 2001இல் அகற்றினார்கள். 2006இல் திரும்ப நிறுத்தினார்கள். இவர்களுக்கு முன்பே, 1959இல் வந்தது தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள்; நால்வரும் ஆண்கள். காவியப் பெண்ணுக்கும் புலமைப் பெண்ணுக்கும் மெரினாவில் பீடம் உண்டு. செங்கல் சுமந்த சித்தாளுக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் இல்லை.

கொழுந்து பறிக்கும் பெண் இந்தப் பயணத்துக்கு வர முடியுமா? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று வகுத்தது. சென்னைக்குப் போய்ப் பார்த்துத் திரும்ப மூன்று நாளாவது வேண்டும். அதாவது அறுபது நாள் கொழுந்து பறித்தால்தான் அந்த மூன்று நாள். அதையும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் ஊர்ச் சாவுக்கும் மிச்சம் பிடித்து வைத்திருப்பாள்.

இந்தப் பெண்களில் பலருடைய குடும்பங்கள் செய்த பெரிய பயணத்தை அவர்கள் திட்டமிடவில்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை என்று கணக்குப் போட்டது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அந்தப் பெண்கள் கண்ட கடற்கரை, பார்க்கப் போன கடற்கரை அல்ல, இறக்கிவிடப்பட்ட கடற்கரை.

அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் இன்று நீலகிரிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலில் பெரும்பாலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். எனவே அடுத்த முறை திட்டமிடும்போது, எந்தெந்தக் கட்டடம் என்பதற்கு முன்னால் யார் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதுவோம். அவர்களுடைய கட்டணத்தை எப்படிச் சேர்ப்பது என்பதும் அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். மெரினாவின் வாசல்கள் ஒவ்வொன்றும் யாரோ சிலரை வெளியே நிறுத்திவிட்டே திறந்தன. அவற்றைப் பார்க்கப் போகும் நாமும் அதையே செய்ய வேண்டியதில்லை.