ஒரே பத்திரத்தில் விற்ற இரண்டு ஊர்கள்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. அலுவலகத்தில் யாராவது "உங்க ஊர் எது?" என்று கேட்டால் முதல் பதில் "சென்னை". அதோடு விட்டால் சரி. விடாமல் கேட்டால் "மாயவரம் பக்கம்". அதற்கும் மேல் கேட்பவர்களிடம்தான் "தரங்கம்பாடி" என்று சொல்வேன். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. போன மாதம் ஒரு வங்காளி நண்பர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டிராங்கிபார்? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே ஊர்க்காரர்கள்!" என்றார். அவர் ஊர் ஸ்ரீராம்பூர்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை ஹௌராவில் லோக்கல் ரயில் பிடித்து, வீட்டம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சுமார் 20 கிலோமீட்டர். ஹூக்ளி நதிக்கரையில் பழைய தேவாலயம், பெரிய தூண்கள் வைத்த கல்லூரி, டேனிஷ் காலத்து விடுதி. "அப்பா, நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்றாள் மகள். கடலுக்குப் பதில் ஆறு, அவ்வளவுதான்.

அந்த இரண்டு ஊர்களையும் 1845ல் டென்மார்க் அரசர் ஒரே ஒப்பந்தத்தில் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். ஒரிசாவின் பாலசோரில் இருந்த ஒரு சின்ன நிலத்தையும் சேர்த்து மொத்த விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். ஒரு வங்கிக்காரனுக்கு இந்த எண்ணைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? அடமானத்துக்கு வரும் சொத்தைப் பார்ப்பது போல எங்கள் ஊரையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தாய்ப்பத்திரம். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்னூறு வருடம் முன்பே ஊர் இருந்தது. கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஐ ஒட்டிக் கட்டியது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. அந்தப் பெயர் எப்படித் தரங்கம்பாடி ஆனது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் என்பது எல்லோருக்கும் பிடித்த கதை. அந்த அலைகளே கோயிலின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டன. இன்று நாம் பார்ப்பது மிஞ்சியதும், புதிதாகக் கட்டியதும்தான்.

1618 கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பல் அணி கிளம்பியது. தலைவர் ஓவ கெத்தே. வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. குறி தரங்கம்பாடி இல்லை, இலங்கை. கண்டி ராஜாவோடு வியாபாரம் செய்யலாம் என்று வந்தார்கள். வழியிலேயே ஏராளமானவர்கள் செத்துப்போனார்கள். இலங்கையில் காரியம் பலிக்கவில்லை. அதன் பிறகுதான் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் வந்தார்கள். 1620 நவம்பரில் ஒப்பந்தம். கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி, மிளகு வியாபாரம், அதற்கு ஆண்டுக் குத்தகை. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று தங்க ஓலையில் இருக்கிறது. பனை ஓலை போலவே தட்டிய தங்கத் தகடு. கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அப்படிக் கட்டியதுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. சின்ன வயதில் நாங்கள் அதன் மதிலோரம் கிரிக்கெட் விளையாடியிருக்கிறோம். பந்து கடல் பக்கம் போனால் அவுட்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ராஜாவும் இல்லை, கவர்னரும் இல்லை. எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க என்ற ஒரு சாதாரண ஆள். 1640களுக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவதே நின்றுபோனது. அங்கே போர், கடன். 1650ல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, கடிதம் இல்லை. வங்காளக் கப்பல்களை மடக்கிப் பிடித்துக் காலம் தள்ளினார்கள். ஒவ்வொருவராக இறந்தும் போனார்கள். 1655 வாக்கில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் இவர். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, கொடியை இறக்காமல், 1669ல் ஒரு கப்பல் வந்து சேரும் வரை கோட்டையை வைத்திருந்தார். பதினான்கு வருடம்! தலைமை அலுவலகமே இல்லாமல் ஒரு கிளையை ஓட்டிய மேனேஜர் என்று நான் இவரைச் சொல்வேன். டென்மார்க்கே மறந்த பிறகும் கோட்டை நின்றதற்குக் காரணம், ஒரு ஆள் அங்கேயே இருந்ததுதான்.

அடுத்த பெரிய தேதி 1706 ஜூலை 9. சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கிய நாள். அனுப்பியது டென்மார்க் அரசர், வந்தவர்கள் ஜெர்மானியர்கள். உள்ளூர் டேனிஷ் கவர்னருக்கே இவர்களைப் பிடிக்கவில்லை. சீகன்பால்கை நான்கு மாதம் கோட்டையில் அடைத்துவைத்தார். அவரோ ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகள் சேர்த்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதம் போதவில்லை என்று பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே வைத்துப் பார்த்தார்கள். 1719ல் இறந்தபோது அவருக்கு வயது 36. அதற்கு முந்தைய வருடம் கட்டி முடித்த புது எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இங்கே ஒரு திருத்தம். எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையில் "முதல் தமிழ்ப் புத்தகம் தரங்கம்பாடியில்தான் அச்சானது" என்று அடித்துவிடுவார்கள். நானும் பல இடங்களில் அடித்துவிட்டிருக்கிறேன். அது சரியில்லை. 'தம்பிரான் வணக்கம்' 1578லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு எங்கள் ஊர் என்பது மட்டும் உண்மை. அதுவே போதுமான பெருமை.

இனி ஸ்ரீராம்பூர். 1755ல் தரங்கம்பாடி டேனிஷ் நிர்வாகம் வங்காளத்துக்கு ஆள் அனுப்பி, நவாப் அலிவர்தி கானிடம் அனுமதி வாங்கித் தொடங்கிய ஊர் அது. எங்கள் ஊர் தலைமை அலுவலகம், ஸ்ரீராம்பூர் கிளை! 1800ல் வில்லியம் கேரி குழுவினர் அங்கே தங்கியதற்குக் காரணமும் டேனிஷ் கொடிதான். ஆங்கிலேயக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பவில்லை. அச்சகம், 1818ல் கல்லூரி, அதே வருடம் வங்காளிப் பத்திரிகை எல்லாம் வந்தன. எங்கள் ஊரில் நடந்த கதையே நூறு வருடம் கழித்து ஆற்றங்கரையில் நடந்தது போல இருக்கிறது.

பிறகு நெப்போலியன் போர்கள். 1808லிருந்து 1815 வரை இரண்டு ஊர்களும் ஆங்கிலேயர் கையில். திரும்பக் கிடைத்தபோது வியாபாரம் செத்திருந்தது. வருமானத்தைவிடச் செலவு அதிகம். நம் வங்கி மொழியில் வாராக்கடன் மாதிரி. அதனால்தான் 1845ல் விற்றார்கள்.

சின்ன வயதில் வாத்தியார் இதைச் சொல்லும்போது, "விற்ற அன்றோடு ஊர் போச்சு" என்று முடிப்பார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்ரீராம்பூரைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு உதைத்தது. ஒரே பத்திரத்தில் விற்ற ஊர்தானே அதுவும்? அங்கே தெருவில் நடக்க முடியாத கூட்டம். மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எங்கள் ஊர் ராஜ வீதியில் மதியம் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும்.

விற்ற பிறகு நடந்ததைப் பார்த்தால் விடை தெரிகிறது. 1854ல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் விட்டார்கள். ஸ்ரீராம்பூர் அந்தப் பாதையில் இருந்தது. அடுத்த வருடமே பக்கத்து ரிஷ்ராவில் சணல் ஆலை வந்தது. வரிசையாக ஆலைகள், வேலை, ஆட்கள். கல்லூரிக்கு டென்மார்க் அரசர் 1827ல் கொடுத்த சாசனத்தின் உரிமைகள் தொடரும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். இன்றும் இறையியல் பட்டங்கள் அந்தப் பெயரில்தான் வருகின்றன.

தரங்கம்பாடிக்கும் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 1845ல் தஞ்சாவூர் ஜில்லாவின் கலெக்டர் அலுவலகமே இங்கே வந்தது. 1860ல் அதைத் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். 1861ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கெல்லாம் அங்கே போனது. கப்பலும் அங்கே போனது. மாயவரத்திலிருந்து எங்கள் ஊருக்கு ரயில் வந்தது 1926ல்தான், அறுபத்தைந்து வருடம் தாமதமாக. அதையும் 1986ல் நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. பொறையாறு ஸ்டேஷனில் அப்பா என்னைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்ததும், திருக்கடையூர் தாண்டும்போது வயல்காட்டுக் காற்று அடித்ததும் மங்கலாக நினைவிருக்கிறது. ரயிலை மறுபடி விடச் சொல்லி எத்தனையோ மனுக்கள் போயிருக்கின்றன.

ஆக, விற்றதால் ஊர் தேயவில்லை. ஆட்கள் அங்கே இருப்பதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக வேறு ஊருக்குப் போனதால் தேய்ந்தது. நானும் அப்படிப் போன ஒரு ஆள்தான். பொறையாறில் பி.காம் முடித்த அடுத்த வருடம் பெட்டியைக் கட்டியவன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மீனவர் தெருக்களில் எத்தனையோ குடும்பங்கள் ஆட்களை இழந்தன. அதன் பிறகு கடலோரம் கருங்கல் கொட்டினார்கள், பழைய வீடுகள் சிலவற்றைச் சீர்செய்தார்கள். 2020ல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதில் எங்கள் ஊரும் அதில் சேர்ந்தது. சனி, ஞாயிறுகளில் கோட்டையைப் பார்க்க கார்கள் வருகின்றன. சாயங்காலம் திரும்பிப் போய்விடுகின்றன.

இப்போது அந்தச் சொந்தக் காரணம். ஊரில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. திண்ணை, நடுவில் முற்றம். எல்லோரும் வெளியூர் போன பிறகும் அத்தை மட்டும் தனியாக அங்கேயே இருந்தார். "நான் இருக்கிற வரைக்கும் விளக்கு எரியும்" என்பார். எங்கள் வீட்டுக் கொங்ஸ்பாக்க அவர்தான். போன வருடம் அத்தை தவறிவிட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. சித்தப்பா மகன் போன் செய்தான்: "அண்ணே, நல்ல விலைக்குக் கேக்குறாங்க. இடிச்சிட்டு ரூம் கட்டி வாடகைக்கு விடுவாங்களாம். என்ன சொல்றீங்க?"

இரண்டு மாதம் பதில் சொல்லவில்லை. "பரம்பரை வீட்டை விற்பதா" என்று ஒரு மனம். "பத்து வருஷத்தில் ஓடு சரிந்துவிடும், அப்போது மனை விலைதான் கிடைக்கும்" என்று வங்கிக்காரன் மனம். ஸ்ரீராம்பூரிலிருந்து திரும்பும் ரயிலில்தான் தெளிவு வந்தது. விற்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. அந்த வீட்டில் ராத்திரி விளக்கு எரியுமா என்பதுதான் முதல் கேள்வி. பூட்டி வைத்துவிட்டு "எங்க வீடு" என்று கொல்கத்தாவில் உட்கார்ந்து பெருமைப்படுவது, கப்பல் அனுப்பாமல் கோட்டைக்கு உரிமை கொண்டாடிய டென்மார்க் வேலை.

தம்பியிடம் சொல்லிவிட்டேன். பக்கத்துப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியை குடும்பம் வீடு தேடிக்கொண்டிருந்தது. வாடகை பேருக்குத்தான். ஓடு மாற்றும் செலவு நம்முடையது, முற்றத்தைக் கூட்டித் திண்ணையில் கோலம் போடுவது அவர்கள் பொறுப்பு. கணக்குப் போட்டால் நஷ்டம்தான். வீட்டம்மாவும் "இதை வேற யாராவது செஞ்சிருந்தா கடன் கொடுத்திருப்பீங்களா?" என்று கேட்டாள். கொடுத்திருக்க மாட்டேன்!

பொங்கலுக்கு அந்த அம்மா போனில் ஒரு படம் அனுப்பினார். திண்ணையில் அவருடைய மகன் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். ஊரில் உங்களுக்கும் பூட்டிய வீடு ஒன்று இருந்தால், விற்பதற்கு முன்னால் ஒரு குடும்பத்துக்குச் சாவியைக் கொடுத்துப் பாருங்கள்.